கண்டாச்சிபுரத்துல பருப்பு ஏன் வேகாது?

"இந்தப் பருப்பெல்லாம் எங்கிட்ட வேகாது"ன்னு வாய்ச்சவடால் விடுவோம் இல்லியா? கண்டாச்சிபுரம் பக்கம் இதை நிஜமாவே சொல்லலாம். விழுப்புரத்துலேருந்து திருவண்ணாமலை போற வழியில, பாறைக்குன்றுகளுக்கு நடுவுல இருக்கிற ஊர். போர் தண்ணியில துவரம்பருப்பைப் போட்டா, குக்கர் எத்தனை விசில் அடிச்சாலும் பருப்பு பருப்பாவே கிடக்கும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டாத்தான் வழிக்கு வரும்.

பருப்பு மட்டும்னு இல்ல. குழாய் மூக்குல வெள்ளைப் பொருக்கு, வெந்நீர் அண்டாவுக்குள்ள சுண்ணாம்புப் பத்தை, ஹீட்டர் கம்பியில அப்பின உப்பு, காய்ஞ்ச எவர்சில்வர் குடத்துல திட்டுத்திட்டா தேமல். சோப்பு நுரைக்காது, பிசுக்கு மட்டும் வரும். பள்ளிக்கூடப் புத்தகத்துல இதுக்குக் கடினநீர்னு பேரு. ஊர்ல உப்புத்தண்ணி. இதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல காரணம். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருக்கிற கரியமில வாயுவைக் கரைச்சுக்கிட்டு லேசான அமிலமா மாறுது. அது பாறை இடுக்குல பல வருஷம் தங்கி, பாறையிலேருந்து கால்சியம், மெக்னீசியம் உப்புகளை உருவிக்குது. ஆழம் போகப் போக தண்ணி பாறையோட இருக்கிற காலமும் கூடும், உப்பும் பெரும்பாலும் கூடும். அந்தக் கால்சியம் பருப்புல இருக்கிற பெக்டினை இறுக்கிப் பிடிச்சுக்குது. சோப்போட சேர்ந்தா கரையாத பிசுக்கா மாறிடுது. இந்திய தர நிர்ணயத்தின்படி (2012) குடிதண்ணியில கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தா நல்லது. வேற வழியே இல்லேன்னா 600 வரை.

அந்தக் காலத்துல இதை எப்படி சமாளிச்சாங்க? துவைக்கிறதுக்கு உவர்மண். வண்ணார் வெள்ளாவியில வைக்கிறதுக்கு முன்னாடி துணியை உவர்மண் கரைசல்ல முக்குவாங்க. அந்த மண்ணுல இருக்கிறது சோடியம் கார்பனேட். அது தண்ணியில இருக்கிற கால்சியத்தைப் படிய வெச்சிடும், தண்ணி மென்மையாயிடும். தலைக்கு சீயக்காய், அரப்பு. இதுல நுரை கொடுக்கிறது சாப்போனின். சோப்பு மாதிரி கால்சியத்தோட சேர்ந்து பிசுக்காகாது. கெமிஸ்ட்ரி படிக்காத கெமிஸ்ட்ரி :-)

இங்கிலாந்திலேயும் இதே தலைவலி இருந்துச்சு. 1841ல தாமஸ் கிளார்க்னு ஒரு ஸ்காட்லாந்துப் பேராசிரியர், தண்ணியில சுண்ணாம்பைக் கலந்தே அதுல இருக்கிற சுண்ணாம்பைப் படிய வைக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முள்ளை முள்ளால எடுக்கிற கதை.

சமையலுக்கும் குடிக்கவும் 'நல்லதண்ணிக் கிணறு'. ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற கிணறுதான் பெரும்பாலும் நல்லதண்ணியா இருக்கும். ஏரியில நின்ன மழைத்தண்ணி ஊறி நேரா அங்க வருது, பாறையோட பழக அதுக்கு நேரம் இல்ல. தமிழ்நாட்டு ஊர்ப்பேச்சுல நல்லதண்ணிக் கிணறுன்னு ஒண்ணைத் தனியா சொல்றதே, மத்ததெல்லாம் எப்படின்னு காட்டிக் கொடுத்துடும்.

இங்கதான் கசப்பான விஷயம். அந்த நல்லதண்ணி எல்லாருக்கும் கிடைக்கல. ஊர்க்கிணத்துல சேரிக்காரங்க வாளி விடக்கூடாதுங்கிறது தமிழ்நாட்டு கிராமங்கள்ல நடைமுறையா இருந்துச்சு. பொதுத்தெருவுல நடக்கவும் பொதுக்கிணத்துல தண்ணி எடுக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டுன்னு இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தது 1924ல. ஒரு கிணத்துக்கு சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்துச்சு! தீர்மானம் நிறைவேறின பிறகும் கயிறு சுலபமா கைமாறிடல. உப்புத்தண்ணியோட சரித்திரத்தை வெறும் கால்சியம் கணக்கா எழுதிட்டுப் போயிட முடியாதுன்னு எனக்குத் தோணுறது இதனாலதான்.

அப்புறம் அடிபம்பு வந்துச்சு. யூனிசெஃப் உதவியோட 1970கள்ல உருவான 'இந்தியா மார்க் 2' பம்பு, பாறையைத் துளைச்ச ஆழ்துளைக் கிணத்துக்குன்னே செஞ்சது. இதுல சாதி பார்த்து வாளி இறக்குற வேலை இல்ல. கிருமியும் திறந்த கிணத்தைவிடக் குறைவு. பெரிய நன்மை, மறுக்கவே முடியாது. ஆனா ருசி மாறிப்போச்சு. 1990ல விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்துச்சு. மோட்டார் பெருகப் பெருக நீர்மட்டம் கீழே போச்சு, கிணத்துக்குள்ளயே போர் போட்டாங்க. ஏரியைத் தூர்வார யாருக்கும் அக்கறை இல்லாமப் போச்சு.

இதுக்கு நடுவுல 1959ல சர்ஃப், 1969ல நிர்மான்னு சலவைத்தூள் வந்துடுச்சு. உப்புத்தண்ணியிலயும் நுரைக்கும். நிர்மாவுல பெரும்பங்கு என்ன தெரியுமா? சோடா உப்பு, அதாவது அதே சோடியம் கார்பனேட். வண்ணார் மண்ணுல அள்ளினதை பாக்கெட்ல போட்டு வித்தாங்க. அவர் தொழில் போச்சு, சூத்திரம் மட்டும் மிச்சம்.

இப்ப ஆர்.ஓ. காலம். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துல 1960 வாக்குல இதுக்கான சவ்வைச் செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு சௌரிராஜன். திருக்கண்ணபுரம் பெருமாள் பேரு! நல்ல கருவிதான். ஆனா வடிகட்டினது போக மிச்ச உப்பெல்லாம் கழிவுத்தண்ணியில செறிவா சேர்ந்து, பல வீட்ல கொல்லைப்புறம் வழியா மறுபடி மண்ணுக்கே போகுது. காசு இருக்கிற வீட்ல மெஷின், இல்லாத வீட்ல கேன் தண்ணி இல்லேன்னா அதே குழாய். நல்லதண்ணிக் கிணத்துக் கயிறு வேற ரூபத்துல வந்துட்ட மாதிரி இருக்கு.

பயமுறுத்துறதுக்காக எழுதல. கடினத்தன்மைக்கு மட்டும்னு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கல. ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் வேற கதை. அதைப் பரிசோதனை பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும், நாக்கு சொல்லாது.

மழைத்தண்ணியில கடினத்தன்மை கிட்டத்தட்ட கிடையாது. 2003ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. குழாயும் தொட்டியும் வெச்சோம். அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்டா, எங்க வீட்லயும் யார்கிட்டயும் பதில் இல்ல.

ஐப்பசி மழையில முதல் அரைமணி நேரத்தை விட்டுட்டு, முற்றத்துல வேட்டியைக் கட்டி அண்டாவை வைங்க. அந்தத் தண்ணியைக் காய்ச்சி பருப்பை வேக வெச்சுப் பாருங்க. ரெண்டே விசில்!