ஜீப்புக்கு விரிவாக்கம் இல்லை

பொது அறிவுப் புத்தகங்களில் பதிப்புக்குப் பதிப்பு தப்பாமல் இடம்பிடிக்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘ஜீப் என்பதன் விரிவாக்கம் என்ன?’ ‘ஜெனரல் பர்ப்பஸ்’ என்று விடை அச்சிட்டிருக்கும். எல்லா வேலைக்கும் ஆகிற வண்டி. அதன் முதலெழுத்துகள் ஜி, பி. இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் ஜீப். அச்சில் வார்த்தது போல் பொருந்துகிறது. சொல்லாராய்ச்சியில் இப்படிக் கச்சிதமாகப் பொருந்துகிற விளக்கத்தைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை, சொல் ஊரெல்லாம் பரவிய பிறகு யாரோ உட்கார்ந்து கட்டியவை.

அமெரிக்க ராணுவம் இந்த வண்டிக்கு வைத்திருந்த பெயர் ‘கால் டன் டிரக், நான்குக்கு நான்கு’. ஃபோர்டு நிறுவனம் 1941இல் ராணுவத்துக்குச் செய்துகொடுத்த தன் வண்டியை ‘ஜிபி’ என்று அழைத்தது உண்மைதான். ஆனால் அந்த ‘ஜி’ அரசாங்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அரசு ஒப்பந்த வண்டி என்று பொருள். ‘பி’ என்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம் உள்ள வண்டிக்கு ஃபோர்டு கணக்கில் இருந்த குறியீடு. பின்னர் வில்லீஸ் நிறுவனத்தின் வடிவத்தை ஃபோர்டும் செய்யத் தொடங்கியபோது ‘டபிள்யூ’ சேர்ந்து ‘ஜிபிடபிள்யூ’ ஆயிற்று. ‘ஜெனரல் பர்ப்பஸ்’ இதில் எங்கும் வரவில்லை.

அப்படியானால் சொல் எங்கிருந்து வந்தது? வண்டி பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அது பிறந்துவிட்டது. பாப்பாய் வருகிற படக்கதைத் தொடரில், ஈ.சி. சீகர் 1936 மார்ச்சில் ஒரு விசித்திரப் பிராணியை அறிமுகம் செய்தார். பெயர் யூஜீன். அது போடுகிற சத்தமே ‘ஜீப்’. ஆர்க்கிட் பூக்களைத் தின்னும். சுவரில் புகுந்து மறுபக்கம் வரும். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாது. பத்திரிகையில் நாள்தோறும் இதைப் படித்து வளர்ந்த பையன்கள் ராணுவத்தில் சேர்ந்தபோது சொல்லையும் கூடவே கொண்டுபோனார்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாய் ‘ஜீப்’. சோதனைக்கு வந்த புது இயந்திரம் எதுவானாலும் ‘ஜீப்’. மினியாபொலிஸ்-மொலைன் நிறுவனம் ராணுவத்துக்காக மாற்றிக்கொடுத்த டிராக்டரையும் வீரர்கள் அப்படியே அழைத்தார்கள். சில படைப்பிரிவுகளில் டாட்ஜ் அரை டன் வண்டிதான் ஜீப். நாம் இன்று ஜீப் என்கிற சின்ன வண்டிக்கு அங்கே ‘பீப்’ என்று பெயர்.

1941 தொடக்கத்தில், வில்லீஸின் சோதனை ஓட்டுநர் இர்விங் ஹௌஸ்மன் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டுகளில் வண்டியை ஏற்றிக் காட்டினார். பார்க்க வந்தவர்களில் காதரின் ஹில்லியர் என்ற பத்திரிகையாளரும் இருந்தார். ஹௌஸ்மன், படைமுகாமில் கேட்டுப் பழகிய ‘ஜீப்’ என்ற பெயரையே சொல்ல, அது படத்தோடு பத்திரிகையில் வந்தது. அச்சுக்கு வந்தபின் மற்ற பெயர்கள் மெல்ல உதிர்ந்தன. ஒரு சொல்லுக்குப் பெற்றோரைத் தேடினால் இங்கே ஓவியர், சிப்பாய், ஓட்டுநர், நிருபர் என்று ஒரு வரிசையே வந்து நிற்கிறது. எந்த அலுவலகத்திலும் யாரும் இந்தப் பெயரைச் சூட்டவில்லை.

பொருளின் பிறப்பும் இதே மாதிரிதான். 1940 கோடையில் ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும். எடை 1300 பவுண்டைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 590 கிலோ. துணிந்து ஒப்புக்கொண்டது பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் நொடித்துக் கிடந்த பான்டம் என்ற சின்ன கார் நிறுவனம். கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்து, சில நாட்களில் வரைபடத்தை முடித்தார்கள். இன்ஜின் கான்டினென்டல் நிறுவனத்தினுடையது, ஆக்சில் ஸ்பைசர் கொடுத்தது. செப்டம்பர் 23 அன்று வண்டி ராணுவத்தின் ஹோலாபேர்ட் முகாமுக்குள் நுழைந்தது. கேட்ட எடைக்குள் யாராலும் நிற்க முடியாது என்பது விரைவில் தெரிந்துபோய், வரம்பு உயர்த்தப்பட்டது. பான்டமின் வரைபடங்களை ராணுவம் வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லீஸ் 60 குதிரைசக்தி இன்ஜினைக் கொண்டுவந்தது. தகட்டில் அடித்தெடுத்த முன்பக்கக் கிரில் ஃபோர்டின் கைவேலை. போர் முடிவதற்குள் இந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் வண்டிகள் செய்தன. முதல் வண்டியைச் செய்த பான்டமுக்குக் கிடைத்தது, அந்த வண்டிகள் இழுத்துப்போகும் டிரெய்லர்களைச் செய்கிற வேலை. ஜீப்பை உருவாக்கியது தான்தான் என்று வில்லீஸ் விளம்பரம் செய்தபோது அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டு, 1948இல் அந்தப் பேச்சைத் தடுத்தது. பெயரை மட்டும் வில்லீஸ் 1950இல் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.

நான் இந்தச் சொல்லின் பின்னால் அலையத் தொடங்கியது அகராதியால் அல்ல. போடிநாயக்கனூரில் நண்பர் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் பழைய சி.ஜே.3பி வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார். சி.ஜே. என்றால் சிவிலியன் ஜீப். வில்லீஸ் ஆலை இருந்த டொலிடோவில் 1953இல் வெளிவந்த இந்த வகை அங்கே 1968இல் நின்றது. மும்பையில் மஹிந்திரா உரிமம் பெற்று அதே முகத்தோடு மேலும் பல ஆண்டுகள் செய்துவந்தது. உயர்ந்து நிற்கும் பானெட்டைப் பார்த்தாலே இந்த வகையைச் சொல்லிவிடலாம். உள்ளே இருக்கும் ஹரிக்கேன் இன்ஜினில், காற்றும் பெட்ரோலும் நுழைகிற வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது. புகை வெளியேறுகிற வால்வு கீழே பிளாக்கில் இருக்கிறது. மேலே வால்வு வந்ததால் இன்ஜின் உயர்ந்தது, இன்ஜின் உயர்ந்ததால் பானெட்டும் உயர்ந்தது. டேப்பட் வைக்கிற மெக்கானிக்குத்தான் இதன் சிரமம் தெரியும். மேல் வரிசைக்கு மூடியைக் கழற்றினால் போதும். கீழ் வரிசைக்கு மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்துப் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும்.

வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ய முடிவதற்கு வண்டியின் அமைப்பே காரணம். பாடியைச் சேஸிலிருந்து போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். துருவேறிய போல்ட்டுகளுக்கு ஓர் இரவு டீசல் ஊற்றி ஊறவிட வேண்டும், அவ்வளவுதான். துரு முதலில் பிடிக்கிற இடம் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். பெட்ரோல் டேங்க் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் தளத்துக்கும் நடுவே சேறும் மழைநீரும் தேங்கி, தகடு அப்பளமாகப் பொரிந்துவிடும். டிங்கரிங் செய்பவர் அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கிறார். முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உருண்டை வடிவக் கூடு இருக்கும். சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பியபடியே இன்ஜினின் விசையை வாங்கிச் சுழலவும் வேண்டும் என்ற இரட்டை வேலை நடக்கிற இடம் அது. அதன் சீல் கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், ஓடைமணல் உள்ளே போகும். கிங் பின்னுக்கு அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து எடுத்துப் பார்த்து ஆட்டத்தைச் சரிசெய்ய அரை நாள் ஆகிறது.

மெயின் கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள். ஒன்று முன் சக்கரங்களுக்கு விசையைக் கொடுக்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். இவற்றைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போகின்றன. இரண்டையும் கியர் இறுகக் கட்டியிருப்பதால், அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளச் சக்கரம் வழுக்கியாக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் வழுக்கும். காய்ந்த தாரில் வழுக்காமல் பல்சக்கரங்கள் நெரிபடும்.

பின்கட்டில் கேட்கிற சொற்களும் ஒரு தனி ஆராய்ச்சிக்குரியவை. வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டைகளை அங்கே ‘கமான் பட்டை’ என்கிறார்கள். கமான் என்பது பாரசீகத்தில் வில். வளைந்திருப்பதால் வந்த பெயர், குதிரை வண்டிக் காலத்துப் பட்டறையிலும் பொருந்தியிருக்கும். வண்டியை ‘ஜீப்பு’ என்கிறார்கள், ஓசையை நிறுத்த ஓர் உகரம் சேர்த்து. தூய தமிழ் எழுத்தில் கொண்டுவர நினைத்தால் ‘சீப்பு’ ஆகும்; அந்த இடத்தில் தலை வாருகிற பொருளும் வாழைப்பழச் சீப்பும் முன்பே உட்கார்ந்திருக்கின்றன. ஜகரத்தை விடாமல் தமிழ்நாடு பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம் என்பது என் துணிபு. ‘வல்லுந்து’ என்ற ஆக்கச் சொல் நல்ல சொல். வலிமையும் உந்துதலும் அதில் இருக்கின்றன. மகிழுந்து, பேருந்து வரிசையிலும் சேர்கிறது. பேருந்து பேச்சுக்குள் கொஞ்சமாவது இறங்கியது. வல்லுந்து எழுத்தோடு நின்றுவிட்டது.

நண்பரின் வண்டியில் பட்டியைச் சுரண்டியபோது பெயின்ட் அடுக்கடுக்காக வந்தது. மேலே வெள்ளை, அதற்கடியில் ஒரு நீலம், அதற்கும் அடியில் ஏலத் தோட்டத்தில் ஓடிய காலத்துப் பச்சை. எந்த நிறத்துக்குத் திரும்புவது? டிங்கரிங் செய்த பெரியவரிடம் நண்பர் ‘ஒரிஜினல் கலரே அடிச்சிருங்கண்ணே’ என்றார். அவர் தகட்டைத் தடவியபடியே, ‘எந்த வருசத்து ஒரிஜினல் தம்பி?’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் மூல வடிவம் மாறாமல் இருந்தால் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம். சேஸிலோ பாடிக் கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துச் செல்லலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. மலைச்சாலையில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்ட வண்டிகள்தான் இந்தப் பக்கம் மிகுதி. அவை இதற்குள் வர முடியாது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பிழைப்புக்காக மாற்றிய இன்ஜினும் அந்த வண்டியின் வரலாறுதான். பான்டமின் முதல் வண்டியே அடுத்தவர் இன்ஜினோடு வந்ததல்லவா?

சேகரிப்பாளர்களின் மூல வடிவப் பற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. போர்க்கால வண்டிகளில் ஃபோர்டு தன் உதிரிகளில், போல்ட் தலையில்கூட, ‘எஃப்’ என்று பொறித்தது. தன் வேலை வேறு, வில்லீஸ் வேலை வேறு என்று காட்டுவதற்காக. அந்த எழுத்துள்ள போல்ட் ஒன்றுக்காகக் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்குபவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பால்தான் எது எங்கே செய்யப்பட்டது என்ற வரலாறு நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் படைமுகாமில் பழுதுபார்த்தவர்கள் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டு முடுக்கினார்கள். போரிலிருந்து திரும்பிய வண்டிகளில் இரு நிறுவனத்து உறுப்புகளும் கலந்தே கிடந்தன.

சொல்லும் கலந்துதான் பரவியது. பிலிப்பைன்ஸில், போருக்குப்பின் விட்டுச்சென்ற வண்டிகளை நீட்டி ஆள் ஏற்றியபோது ‘ஜீப்னி’ பிறந்தது. ஐஸ்லாந்தில் ‘யெப்பி’ என்பது கரடுமுரடான பாதையில் போகிற எந்த நிறுவனத்து வண்டிக்கும் பெயர். ரஷ்யரும் அப்படித்தான் பேசுகிறார்கள். டொயோட்டா 1951இல் செய்த வண்டிக்கு ‘டொயோட்டா ஜீப்’ என்றே பெயர் வைத்தது. வணிகக் குறி குறுக்கே நின்றதால் 1954இல் லேண்ட் க்ரூஸர் என்று மாற்றிக்கொண்டது. வடிவத்துக்கும் இப்போது உரிமையாளர் உண்டு. மஹிந்திராவின் ராக்ஸர், ஜீப்பின் தோற்றத்தைப் பின்பற்றியதென்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 2020இல் தடை போட்டது; முகத்தை மாற்றிய பிறகே அங்கே விற்க முடிந்தது.

இதெல்லாம் நீதிமன்றத்துப் பேச்சு. கம்பத்திலும் போடியிலும் பொழுது விடியும் முன்னே இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு சாலையோரம் நிற்கிறார்கள். ஏற்றிச்செல்ல வருவது பொலிரோவாக இருக்கும், டிராக்ஸாக இருக்கும், பழைய கமாண்டராகவும் இருக்கும். எது வந்தாலும் அவர்கள் வாயில் அது ஜீப்புதான். வணிகக் குறிச் சட்டம் இதைப் பிழை என்று சொல்லும். 1940இல் சிப்பாய்கள் டிராக்டரையும் டிரக்கையும் ஜீப் என்று அழைத்தபோது சொல்லுக்கு என்ன பொருள் இருந்ததோ, அதே பொருளில்தான் இவர்களும் சொல்கிறார்கள்.