குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் மனநலம் பாதிக்குமா? டென்மார்க் ஆய்வு சொல்வது என்ன?

காய்ச்சல்னு குழந்தையைத் தூக்கிட்டு ஓடும் பெற்றோருக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தால் தூக்கமே போயிடும். இது வெறும் வதந்தி இல்லை, பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஆனா அது சொன்னது கொஞ்சம் வேற.

டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, மருந்துச் சீட்டு கொடுத்து மருந்து வாங்கியது என எல்லாம் அந்த எண்ணில் பதிவாகும். அதை வைத்து, 1995 முதல் 2012 ஜூன் வரை பிறந்த சுமார் 11 லட்சம் பேரின் விவரங்களை ஆர்ஹஸ் நகர ஆய்வாளர்கள் அலசினார்கள். முடிவு 2018 டிசம்பரில் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளியானது.

என்ன தெரிந்தது?

நோய்த்தொற்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் மனநலப் பிரச்னை கண்டறியப்படும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 84% அதிகம். தொற்றுக்கு மருந்து மட்டும் வாங்கியவர்களுக்கு 40% அதிகம். அதிலும் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் இந்தத் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது.

84% என்றதும் 100-ல் 84 பேர்னு நினைச்சிட வேண்டாம். ஆய்வுக் காலத்தில் மனநலப் பிரச்னைக்காக ஆஸ்பத்திரி பதிவேட்டில் ஏறியவர்கள் மொத்தம் 42,462 பேர். அதாவது 100-க்கு 4 பேர்கூட இல்லை.

அப்போ மருந்துதான் காரணமா?

அதை இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆன்டிபயாடிக் வாங்கிய குழந்தைக்குத் தொற்றும் இருந்திருக்கும். உடலில் ஏற்பட்ட அழற்சி மூளையைத் தொட்டதா, குடலின் நல்ல பாக்டீரியா குறைந்ததா, இல்லை குடும்ப மரபணுவா? பிரிப்பது கஷ்டம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டபோது இந்தத் தொடர்பு பலவீனமானது. குடும்பச் சூழலுக்கும் பங்கு இருக்கிறது என்பதற்கு இது முக்கியமான தடயம். (தலைப்புச் செய்திகளில் அதிகம் வராத பகுதியும் இதுதான்.)

பெற்றோர் என்ன செய்யலாம்?

நிமோனியா, சிறுநீர்த்தொற்று மாதிரி பாக்டீரியா தொற்றுக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை, இந்த ஆய்வுக்குப் பயந்து நிறுத்தக் கூடாது. சாதாரண சளி, ஃப்ளூ வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. போன தடவை மீந்த சிரப்பை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, கலக்கி வைத்த சிரப் சில நாளிலேயே வீணாகிவிடும். சீட்டில் ஆன்டிபயாடிக் இருந்தால், "இது பாக்டீரியாவா, வைரஸா டாக்டர்?"னு தாராளமா கேளுங்க.