பழைய காரும் பெட்ரோல் பம்பும்: ஒரு சின்ன வரலாறு



அப்பாவின் பியட் 1100 காரை அக்கா மகன் மறுபடி ஓட வைக்கிறான் என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது ஒரு சிக்கல். "மாமா, பழைய பம்பைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போடட்டுமா?" என்று கேட்டான். அப்பா தொட்ட பொருளாயிற்றே, எனக்கு மனம் வரவில்லை. பாடம் நடத்தியவன் அல்லவா, வரலாற்றைப் புரட்டினேன்.

ஆரம்பத்தில் பம்பே கிடையாது. 1908-இல் வந்த போர்டு மாடல் டி காரில் டாங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி வரும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதனால் ரிவர்ஸ் கியரில் ஏறுவார்கள்! அடுத்து, எஞ்சின் உறிஞ்சும் வேகத்தைக் கொண்டே பெட்ரோலை இழுக்கும் வேக்குவம் டாங்க் வந்தது. நீண்ட ஏற்றத்தில் அதுவும் கைவிடும்.

பிறகு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று மெக்கானிக்கல் பம்ப். எஞ்சினின் கேம் ஷாப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ள, ரப்பர் டயபிரம் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும். எங்கள் பியட்டில் இதுதான். மற்றொன்று மின்காந்தத்தில் இயங்குவது. இங்கிலாந்தின் எஸ்.யூ. கம்பெனி பம்ப் மோரிஸ் மைனரில் இருந்தது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று கேட்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் ஒரு தட்டு தட்டினால் ஓடும்.

மெக்கானிக்கல் பம்பின் நல்ல குணம், எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் மீதே உட்கார்ந்திருப்பதால் வெயிலில் பெட்ரோல் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பிறகு பெட்ரோல் ஏறாது.

1979 மே மாதம், அக்னி நட்சத்திரம். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி மாணவன். பிரசவ வலியோடு அக்காவை ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு அழைத்துப் போனோம். மல்லூர் அருகே கார் நின்றுவிட்டது. அப்பா துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அக்காவின் முனகல் மட்டும் கேட்டது. இருபது நிமிடம் கழித்து எஞ்சின் பிடித்தது. அன்றிரவு பிறந்தவன்தான் இப்போது என்னிடம் கேட்கிறான்.

அதை நினைத்ததும் என் பிடிவாதம் போய்விட்டது. டாங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் குளிர்ந்த பெட்ரோலை முன்னால் தள்ளும். ஆவி அடைப்பு குறையும். பல நாள் நின்ற வண்டியும் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். இக்காலத்து எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டயபிரத்தை அரித்துவிடும். அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

சரி என்றேன், இரண்டு நிபந்தனைகளோடு. புதுக் கார்களின் இன்ஜெக்‌ஷன் பம்ப் கூடாது. அதன் அழுத்தம் 40 பவுண்டுக்கு மேல்; பழைய கார்புரேட்டருக்குச் சுமார் 3 பவுண்டு போதும். அடுத்து, மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கார் நொறுங்கிய பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பேரப்பிள்ளைகள் ஏறும் வண்டி அது.

எப்போதாவது கண்காட்சிக்கு மட்டும் எடுக்கிற வண்டி என்றால், புது டயபிரம் போட்டு மெக்கானிக்கல் பம்பையே வைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய பம்ப் இப்போது என் மேஜையில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்