மார்பகப் புற்றுநோயும் கை வீக்கமும்: ஒரு சிகிச்சை மரபின் வரலாறு

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, சில மாதங்களிலோ சில ஆண்டுகள் கழித்தோ, அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கத் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதியைப் புரதத்தோடு சேர்த்துத் திரும்ப எடுத்துச் செல்லும் நிறமற்ற திரவம் நிணநீர் எனப்படும். அதை வடிகட்டும் அவரை விதை போன்ற கணுக்கள் அக்குளில் திரளாக உள்ளன. காயம் பட்டால் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று மக்கள் சொல்வது இக்கணுக்கள் புடைப்பதைத்தான். புற்றுநோய் மார்பிலிருந்து பெரும்பாலும் முதலில் பரவும் இடமும் இந்த அக்குள் கணுக்களே என்பதால், கணுக்களை அகற்றுவதும் அப்பகுதிக்குக் கதிர்வீச்சு தருவதும் சிகிச்சையின் பகுதியாயின. அதன் விளைவாக வடிகால் அடைபட்டுக் கையில் நீர் தேங்கும் நிலை நிணநீர்த் தேக்கம் எனப்படுகிறது. உயிர் பிழைத்ததற்குக் கொடுக்க வேண்டிய விலை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இந்த வீக்கம், தடுக்கவும் கட்டுப்படுத்தவும் கூடியது என்று மருத்துவ உலகம் உணர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நிணநீர்க் குழாய்களைப் பற்றிய அறிவு 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தெளிவு பெற்றது. 1622இல் இத்தாலியரான காஸ்பரே அசெல்லி, உணவுண்ட நாயின் குடலருகே பால்நிறக் குழாய்களைக் கண்டார். 1650களில் சுவீடனின் ஒலாஃப் ருட்பெக்கும் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலினும் அவை உடலெங்கும் பரவிய தனி அமைப்பு என்பதை நிறுவினர். எனினும் இவ்வமைப்பைச் சிதைத்தால் என்ன நேரும் என்பது பெரும் அறுவைகள் பரவிய பிறகே வெளிப்பட்டது. 1880களில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒரே தொகுதியாக அகற்றும் முறையை வகுத்தார். 1894இல் அவர் வெளியிட்ட 50 நோயாளிகளின் முடிவுகள், நோய் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது வெகுவாகக் குறைந்ததைக் காட்டியதால், அம்முறை முக்கால் நூற்றாண்டு உலகெங்கும் விதியாக நிலைத்தது. அதன் மறுபக்கத்தையும் அவரே பதிவு செய்தார். 1921இல் எழுதிய கட்டுரையில் அறுவைக்குப் பின் வரும் கை வீக்கத்தை யானைக்கால் நோயோடு ஒப்பிட்டுப் பெயரிட்டு, அதன் காரணங்களையும் தடுக்கும் வழிகளையும் ஆராய்ந்தார்.

வீக்கத்தை ஆற்றும் மரபு அறுவைக் கூடத்துக்கு வெளியே மெல்ல வளர்ந்தது. ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் 1892இலேயே தோல் தூய்மை, அழுத்தக் கட்டு, மென்மையான நீவல், உடற்பயிற்சி ஆகியவற்றை ஒருங்கே பரிந்துரைத்திருந்தார். அது கவனிக்கப்படாமல் போயிற்று. 1930களில் பிரான்சின் கான் நகரில் பணிபுரிந்த டேனிஷ் தம்பதியரான எமில் வோடரும் எஸ்ட்ரிட் வோடரும், மருத்துவர்கள் தொடவே தயங்கிய நிணநீர்க் கணுக்களை மிக இலேசாக நீவும் முறையை உருவாக்கி 1936இல் பாரிசில் அறிமுகப்படுத்தினர். பின்னர் ஜெர்மனியில் மிகாயேல் ஃபோல்டியும் அவர் மனைவி எத்தெலும் இவற்றையெல்லாம் ஒரே சிகிச்சைத் தொகுப்பாக்கினர்.

அத்தொகுப்பின் நுணுக்கம் அதன் வரிசையிலும் அளவிலும் உள்ளது. நீவல் வீங்கிய கையில் தொடங்குவதில்லை. கழுத்தையும் மறுபக்க அக்குளையும் முதலில் நீவி, நீர் போவதற்கு வழி திறந்த பிறகே கைக்கு வருகிறது, அதுவும் தோலை மட்டும் நகர்த்தும் அழுத்தத்தில். எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடும் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர்மாறானது. வீங்கிய கைக்கு அது தீங்கு செய்யக்கூடும். நீவலுக்குப் பின், விரல்களுக்குத் தனித்தனியே துணிச் சுற்று, அதன்மேல் பஞ்சு உருளை, அதற்கும் மேல் அதிகம் நீளாத கட்டுத்துணிகள் என்று அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. உள்ளங்கையில் அதிகமாக உள்ள இறுக்கம் தோளை நெருங்க நெருங்கக் குறைய வேண்டும். கட்டோடு கையை அசைக்கும்போது, தசை விரிந்து கட்டின் சுவரில் முட்டி நீரை மேலே தள்ளுகிறது. வீக்கம் வற்றியபின் ‘ஸ்லீவ்’ எனப்படும் இறுக்க உறை அந்த நிலையைக் காக்கிறது.

தமிழகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையின் முக்கியமான கட்டம், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்ட புற்றுநோய் நிலையத்தோடு தொடங்குகிறது. அங்கு 1955 முதல் பணியாற்றிய வி. சாந்தாவும் அவருடைய மூத்த சகாவான எஸ். கிருஷ்ணமூர்த்தியும், முற்றிய நிலையில் வந்த கட்டிகளுக்கு முதலில் கதிர்வீச்சும் மருந்தும் தந்து பின்னர் அறுவை செய்யும் கூட்டுச் சிகிச்சையை வளர்த்தனர். ஆனால் கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பேரிகை, பாகலூர், சூளகிரி ஆகிய ஊர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூருவே அருகில் இருப்பதால், 1973இல் அங்கு நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் எட்டக்கூடிய பெரிய அரசு மருத்துவமனையாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இப்பகுதியில் சிகிச்சை ஒரு மாநிலத்திலும், அதற்குப் பிந்தைய வாழ்க்கை மற்றொரு மாநிலத்திலும் அமையலாயின.

இதற்கிடையே அறுவையின் அளவு உலகெங்கும் சுருங்கியது. 1971இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தொடங்கிய ஆய்வின் 25 ஆண்டு முடிவு, ஹால்ஸ்டெட்டின் பேரறுவையால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. 1990களில் டேவிட் கிராக், அர்மாண்டோ ஜூலியானோ ஆகியோர், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் ‘காவல் கணு’வைச் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ கண்டுபிடித்து, அதில் நோய் இல்லையெனில் மற்றவற்றை விட்டுவிடும் முறையை நிலைநாட்டினர். அக்குளை முழுதும் துப்புரவாக்குவதோடு ஒப்பிட, இம்முறையில் கை வீக்கம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் இது நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தவர்களுக்கு வாய்க்கும் நன்மை. கட்டி வளர்ந்து கணுக்களுக்குப் பரவிய பின் வரும் பெண்கள் நம் நாட்டில் மிகுதி என்பதால், அக்குள் அறுவையும் அதன் வீக்கமும் இங்கு இன்னும் ஓயவில்லை.

மற்றொரு மாற்றம் கையின் உழைப்பைப் பற்றியது. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, கடின வேலை செய்யக்கூடாது என்ற தடை பல பத்தாண்டுகள் கேள்வியின்றிச் சொல்லப்பட்டது. 1996இல் கனடாவின் வான்கூவர் நகரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி, சிகிச்சை முடித்த 24 பெண்களைப் பயிற்றுவித்து நீண்ட படகில் துடுப்புப் போட வைத்தார். யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸின் குழு, ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வையோடு எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் திடீரென மோசமாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கையை முடக்குவதைவிடப் பழக்குவதே நல்லது என்று இவை தெளிவாக்கின.

பேரிகை வட்டாரப் பெண்களுக்கு இந்த அறிவின் தேவை கூடுதல். பசுமைக் குடில்களில் ரோஜா பறிப்பதும், தக்காளிக் கூடை சுமப்பதும், பால் கறப்பதும், புல் அறுப்பதும் கையின் வேலைகளே. நிணநீர் தேங்கிய கையில் ரோஜா முள் ஒன்று தைத்தாலும் கிருமி நுழைந்து, கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் எழலாம். அன்றே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும் இத்தோலடித் தொற்று வரும்போதெல்லாம் வடிகால் மேலும் கெட்டு வீக்கம் நிலைத்துவிடுகிறது. முழங்கை வரை நீளும் தடித்த கையுறையும், வேலை முடிந்து விரலிடுக்குகளைக் கழுவித் துடைத்து எண்ணெய்ப் பசை பூசுவதும், இறுக்கமான வளையலைத் தவிர்ப்பதும் இங்கு மருந்துக்கு நிகரானவை.

இத்தகைய எளிய பராமரிப்பை வீடுவரை கொண்டுசெல்ல முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. யானைக்கால் நோயாளிகளுக்குக் காலைக் கழுவவும் உயர்த்தி வைக்கவும் பயிற்சி செய்யவும் கற்றுத்தரும் பணியைப் பொதுச் சுகாதாரத் துறை பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. காரணம் வேறானாலும் தேங்குவது அதே நிணநீர்தான். வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அளிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறக்கப்பட்டது.

ஆகவே செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அறுவைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் நாடாவால் அளந்து நோயாளியின் ஏட்டில் குறித்தல், அதன்பின் சில மாதங்களுக்கொருமுறை மீண்டும் அளத்தல், இறுக்க உறையை மருந்தைப் போலவே இலவசமாக வழங்குதல், வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையாளருக்குக் கட்டுக் கட்டும் முறையைப் பயிற்றுவித்தல் ஆகிய நான்கும் நடந்தால், தொடக்கத்திலேயே கண்ட வீக்கம் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும். கை கனப்பதாகவோ, வளையல் இறுகுவதாகவோ உணரும் பெண், வீக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அதைக் கேட்கும் மருத்துவர் அன்றே நாடாவை எடுத்து அளக்க வேண்டும்.