கூட இருக்க ஆள்

1999 டிசம்பரில், பதினோரு நாள் இடைவெளியில், இரண்டு படங்கள் திரைக்கு வந்தன. ஒன்று 10ஆம் தேதி வெளியான ‘சேது’. கம்பம் பள்ளத்தாக்கின் நாராயணத்தேவன்பட்டியில் பிறந்த பாலாவின் முதல் படம். மற்றொன்று 21ஆம் தேதி அமெரிக்காவில் வெளியான ‘கேர்ள், இன்டரப்டட்’. சூசன்னா கேசன் பதினெட்டு வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து உருவான படம் அது. அங்கே வார்டுக்குள் இளம்பெண்கள் ஒருவரையொருவர் கண்டடைகிறார்கள். சண்டை போடுகிறார்கள், சிகரெட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள், தப்பி ஓடவும் பார்க்கிறார்கள். கதையை நகர்த்துவது அந்தச் சிநேகம்தான். சேதுவோ தலையில் அடிபட்டுச் சித்தம் கலங்கி மடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். அங்கே காலில் சங்கிலி. தெளிந்து வெளியே வரும் நாளில் அவன் காதலித்த அபிதா இறந்து கிடக்கிறாள். வந்த வழியே மடத்து ஆட்களோடு திரும்பிப் போய்விடுகிறான். நம் ஆட்களுக்கு அழுகாச்சிதான் பிடிக்கும், அவர்களுக்கு நுட்பம் கைவரும் என்று இந்த வேறுபாட்டை ரசனைக் கணக்கில் எழுதி முடிப்பது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு படங்களும் தத்தம் ஊர்களின் சிகிச்சை வரலாற்றைத்தான் காட்டுகின்றன.

வார்டில் நட்பு மலர முதலில் வார்டு வேண்டும். வீட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு, நோயாளியை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளும் இடமாக அது இருக்க வேண்டும். அந்த மாதிரி இடத்தை ஆங்கிலேயர் சென்னையில் 1794லேயே தொடங்கினார்கள். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. ஆனால் பாலாவின் ஊர்ப்பக்கமான கம்பத்துக்கும் போடிக்கும் கீழ்ப்பாக்கம் 500 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு வசைச்சொல், அவ்வளவுதான். 1895இல் பெரியாறு அணை கட்டி மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப முடிந்தது. பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளைந்தது. மனசு கலங்கிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்டும் அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. 1996இல் தேனி தனி மாவட்டமாகி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

அதுவரை இருந்த வழக்கம் வேறு. தென் மாவட்டங்களில் சித்தம் கலங்கியவர்களை ஏர்வாடி தர்காவுக்கோ, குணசீலம் பெருமாள் கோயிலுக்கோ அழைத்துப்போய்த் தங்குவார்கள். குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைத்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களும் சரி, முன்னோர் அறிவியல் என்று தூக்கிப் பிடிப்பவர்களும் சரி, தீர்த்தத்தையே பார்க்கிறார்கள். நோயாளி தனியாகப் போகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அம்மாவோ அண்ணனோ கூடப் போவார். சோறு பொங்கி, குளிப்பாட்டி, ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். கூட இருப்பவர் இந்த வழக்கத்தின் ஓரத்தில் நிற்கும் ஆள் அல்லர் என்பதே என் வாதம். சிகிச்சையின் பெரும்பகுதி அவர்தான். அவர் விலகுகிற இடத்தில் சங்கிலி வந்து உட்காருகிறது.

இதற்குச் சான்று உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மந்திரமோ மருந்தோ தரப்படவில்லை. காலையில் எளிய வழிபாடு, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சில்லறை வேலைகள், உடன் ஒரு குடும்பத்தார். கிளம்பும்போது நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, 31 பேர் ஒரு கணக்கா, தானாகவே தணிந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விகள்தாம். இந்த ஆய்வை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்கிறவரை நம்பக் கூடாது. சாமி குணப்படுத்தினார் என்று இந்த ஆய்வு நிறுவவும் இல்லை. அடிக்காத, கட்டிவைக்காத, வீட்டாள் உடனிருக்கிற இடம் நோயாளிக்கு என்ன செய்யும் என்பதை மட்டும் கொஞ்சம் காட்டுகிறது.

நவீன மருத்துவமும் இந்த இடத்துக்குத் தன் வழியில் வந்து சேர்ந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். 1957இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் திறந்த மனநல மையத்தில் நோயாளியோடு ஓர் உறவினராவது தங்குவது நடைமுறையானது. மேலைநாடு குடும்பத்தை வெளியே நிறுத்திய காலத்தில் நம் மருத்துவர்கள் உள்ளே அழைத்தார்கள். ஆள் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம்தான். ஏழை நாட்டில் பல நல்ல யோசனைகள் கைச்சுருக்கத்தில் பிறந்தவை. ஆக, இங்கே இரண்டு இளம் நோயாளிகளைப் பற்றிப் படம் எடுப்பவர், பக்கத்துக் கட்டிலில் தூக்குச்சட்டியைத் திறக்கும் இரண்டு அம்மாக்களையும் சேர்த்துத்தான் எடுக்க முடியும்.

சேதுவின் மடத்தில் அந்த அம்மா இல்லை. சிவகுமார் நடித்த அண்ணனும், அண்ணியும் வீட்டில் இருக்க, அவன் மட்டும் அங்கே. மிகைப்படுத்தல் என்று இதைக் குறை சொன்னவர்களுக்கு 2001 ஆகஸ்ட் 6 விடை சொன்னது. அன்று அதிகாலை ஏர்வாடியில் தனியார் நடத்திய மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். படம் வந்து இருபதே மாதம். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. தர்காவையே குற்றவாளியாக்கிப் பேசியவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். குடும்பத்தோடு வந்து தங்கும் வழக்கம் வேறு, பணம் கட்டிவிட்டு ஆளை ஒப்படைத்துப் போகும் வியாபாரம் வேறு. இரண்டாவது, முதலாவதன் நிழலில் வளர்ந்தது. ஏன் வளர்ந்தது என்பதைப் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் எளிதில் புரியும். கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் தவறினால் அன்றைய கூலி போயிற்று. மகனோடு 48 நாள் உட்கார்ந்திருக்க அந்த வீட்டில் யாரால் முடியும்?

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இளவயதுக்காரரின் கலக்கத்துக்குக் குடும்பமே காரணமாக இருந்தால்? சாதி மாறிய காதலைப் ‘பித்து’ என்று பெயரிட்டுப் பிள்ளையைக் கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ இழுத்துவரும் வீட்டில், கூட இருப்பவர் துணையா, காவலா? அம்மா பக்கத்தில் இருக்கும்வரை ஒரு பெண் தன் மனசைத் திறப்பாளா? இதை மறுக்க முடியாது. அமெரிக்கப் படத்தின் இளம்பெண்களுக்கு வாய்த்த சிநேகம், குடும்பத்தின் கண்ணில்லாத இடத்தில்தான் வாய்த்தது. ஆனால் இதிலிருந்து குடும்பத்தை வெளியேற்ற வேண்டும் என்ற முடிவு வராது. வெளியேற்றியபோது நேர்ந்ததை ஏர்வாடி காட்டிவிட்டது. கூட இருப்பவர் யார் என்பதை நோயாளியாலும் சொல்ல முடிய வேண்டும், அவர் இல்லாத ஒரு மணி நேரமாவது வார்டில் இருக்க வேண்டும் என்பதுதான் வரக்கூடிய முடிவு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. சங்கிலியைத் தடை செய்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து, அவர்களின் வயதுக்கேற்ற சூழலில் வைக்கச் சொல்கிறது. வயதொத்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கக்கூடிய வார்டு இந்த ஒரு வரியில் முளைக்கலாம். கூடவே, பிள்ளை உள்ளே இருக்கும் நாள் முழுக்கப் பொறுப்பாளரோ அவர் நியமிக்கும் ஒருவரோ உடன் தங்கியே ஆக வேண்டும் என்கிறது. பழைய வழக்கம் சட்டப் பிரிவாகிவிட்டது. அப்படித் தங்குகிறவரின் ஏலக்காட்டுக் கூலியை யார் தருவது என்று அதே சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.