அடைப்பான் புதைந்த மண்

பழவேற்காடு ஏரிக்கரைப் பசியாவரத்தில் பேச்செல்லாம் இறாலும் நண்டும்தான். கரையை விட்டு மேற்கே போனால் மாடும் ஆடும் பேச்சுக்கு வரும். மாடு வளர்ப்பவர்களுக்குப் பழைய பயம் ஒன்று உண்டு: அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்.

நேற்றுவரை மேய்ந்த மாடு விடியலில் செத்துக் கிடக்கும். மூக்கில் வழியும் ரத்தம் கறுத்திருக்கும், உறையாது. உடலைக் கீறினால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் காத்துக் கிடக்கும். அதனால்தான் கீறாமல், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஏழை வீட்டுக்குச் செத்த மாடும் கறிதான், தோல் காசுதான். தோலுரித்த கையின் சிறு கீறல் வழியே நோய் மனிதருக்கு ஏறியது. யாரைக் குற்றம் சொல்ல?

1881இல் பிரான்சில் லூயி பாஸ்டர் ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டு, ஊரறிய நிரூபித்தார். சென்னை மாகாணத்துக்கென ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1932இல் எழுந்தது. தோல் பதனிடும் ஊருக்கே அது வந்தது பொருத்தம்தான்.

அடைப்பான் திடீரெனக் கொல்வதால் ஊர் கவனிக்கிறது. சத்தமில்லாமல் பரவும் நோய்கள் வேறு. பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளரும் நாடுகளின் கால்நடைகளில் சுமார் 12 சதவீதத்துக்குக் கன்று வீசவைக்கும் புருசெல்லோசிஸ், 7 சதவீதத்துக்குக் காசநோய். பச்சைப் பால் வழியே இரண்டுமே மனிதரிடம் வரும், காய்ச்சினால் வராது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களின் சுமை மிகுந்த நாடுகளாக அந்த ஆய்வு சொன்னவற்றில் இந்தியா, எத்தியோப்பியா, நைஜீரியாவும் உண்டு.