கையொப்பமிட ஒருவர்

1903இல் ரைட் சகோதரர்கள் பறந்தபின், ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் அமெரிக்காவில் விமானம் ஓட்ட நடுவண் அரசின் உரிமம் தேவைப்படவில்லை. 1926 மே மாதம் இயற்றப்பட்ட வான்வணிகச் சட்டமே விமானிகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பை வணிகத் துறையிடம் ஒப்படைத்தது. 1927 ஏப்ரல் 6 அன்று முதலாம் எண் உரிமத்தை அத்துறையின் உதவிச் செயலர் வில்லியம் மக்கிராக்கன் பெற்றார். அவர் அதை முதலில் ஆர்வில் ரைட்டுக்கே அளிக்க முன்வந்தார். தாம் இப்போது பறப்பதில்லை, முதலில் பறந்தவர் என்று காட்ட உரிமம் வேண்டியதுமில்லை என்று ரைட் மறுத்துவிட்டார்.

பலரும் சுவையோடு சொல்லும் செய்தி இது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் இருந்ததா?

பெஸ்ஸி கோல்மன் சிகாகோவில் நகம் திருத்தும் தொழில் செய்த கறுப்பினப் பெண். அவர் அணுகிய அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குப் போய், 1921 ஜூன் 15 அன்று அங்கே உரிமம் பெற்றார். அவரைத் தடுக்க நடுவண் சட்டம் எதுவும் அன்று இல்லை. கற்றுத்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் வந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்ற கறுப்பின இளைஞருக்கும் பள்ளிகள் கதவடைத்தன. சேமிப்போடு உற்றாரிடம் கடனும் வாங்கிச் சொந்தமாக ஒரு விமானம் வாங்கினார். பெரும்பகுதி தாமே பழகி 1929இல் தனியார் விமானி உரிமம் பெற்றார். அடுத்த படிக்கு அவரை ஆயத்தப்படுத்தியவர் எர்னஸ்ட் பியூல் என்னும் ஜெர்மானியர். 1932இல் போக்குவரத்து விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் ஆண்டர்சன்.

நன்னூல் தன் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதார் யார், மாணாக்கர் ஆகாதார் யார் என்றும் வெளிப்படையாக வகுத்துரைக்கிறது. அமெரிக்க விதிகள் எவரையும் நிறம் சொல்லி விலக்கவில்லை. விலக்கும் வேலையைக் கற்பிப்போர் செய்தனர். தேர்வு பொதுவாக இருக்கலாம். தேர்வு வாசல்வரை அழைத்துச் செல்பவர் இல்லையேல் அந்தப் பொதுமையால் என்ன பயன்?

இன்றைய அமெரிக்க வான்போக்குவரத்து விதிகளின் 61ஆம் பகுதி, இந்த அழைத்துச்செல்பவரையே நடுவில் நிறுத்துகிறது. பயிற்றுநரின் ஒப்புதல் கையொப்பம் இல்லாமல் மாணவர் தனியே பறக்க இயலாது. பயிற்றுநரும் பறக்கத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது; கற்பித்தலின் அடிப்படைகளிலும் தேற வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஆசிரியராக இருப்பவருக்கு அந்த ஒரு தாளிலிருந்து விலக்கு உண்டு. எதைக் கற்பித்தாலும் கற்பித்தல் ஒன்றே என்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது.

அந்தப் பணிக்கே ஆண்டர்சனும் வந்து சேர்ந்தார். 1940இல் அலபாமாவின் டஸ்கீகி கல்விக்கூடத்தில் தலைமைப் பயிற்றுநரானார். மறு ஆண்டு, குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அவர் ஓட்டிய விமானத்தில் பறந்தது நாடெங்கும் செய்தியானது. அங்கே பயின்ற கறுப்பின விமானிகள் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய வானில் போரிட்டனர். தமக்குக் கையொப்பமிட ஒருவரைத் தேடி அலைந்தவர், பிறர் அப்படி அலைய வேண்டாதபடி செய்தார்.